இரண்டு தட்டு

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துவரும் சக்கர வீட்டை, ட்ரெய்லரை, பின்னுக்குத் தள்ளி நிறுத்தும்போது சண்டை போடாத தம்பதியை நான் அதிகம் பார்த்ததில்லை. மலையில் சுற்றுலா முகாம் காப்பாளனாக இருக்கிறவனுக்குக் கோடை முழுக்க அதுதான் வேடிக்கை. கணவன் பிக்கப்புக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் முறைப்பான். மனைவி பின்னால் நின்று இரண்டு கையையும் வீசுவாள். "இடது பக்கம்னு சொன்னேன்ல!" "உன் இடதா, என் இடதா?" நான் போய் நடுவில் நிற்பேன். "அவசரமே இல்லைங்க, மரம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்பேன். இருவரும் சிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வீடு தானாகத் தன் இடத்தில் போய் உட்காரும்.

மார்வும் டோரீனும் சண்டை போடவில்லை. மூன்றாவது தடவையும் வண்டி கோணலாகப் போனபோது டோரீன் புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மார்வ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏ, எழுந்திரிடி, மானம் போகுது" என்றான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நான் என் படிக்கட்டில் நின்று அதைப் பார்த்தேன். நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள், அதிகாரி அம்மா.

மார்வ் என் மனைவி வின்னியின் அண்ணன். அயோவாவில் எங்கள் பண்ணைகள் ஒரே சாலையில்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே சபை, ஒரே வரிசை. பிரசங்கம் தொடங்கியதும் பெப்பர்மிண்ட் மிட்டாயை வரிசை நெடுகக் கைமாற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். அதைத் தொடங்கிவைப்பது எப்போதும் அவன் கைதான். நல்லவன். அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

வின்னி உயிரோடிருந்தபோது எங்களுக்கும் ஒரு ட்ரெய்லர் இருந்தது. வாங்குமுன் மார்விடம்தான் கேட்டேன். என்னிடம் இருந்தது நடுத்தர பிக்கப், பெரிய வண்டி அல்ல. அவன் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, "தாராளமா இழுக்கும் மாப்ள. என்னுது இழுக்கலையா?" என்றான். அவனிடமும் அதே அளவு பிக்கப், அதே நீளத்து ட்ரெய்லர்.

இழுப்பதில் எந்த வண்டிக்கும் சிரமம் இல்லை. இறக்கத்தில் அடங்கி வருவதுதான் சிரமம். பின்னால் வருகிற வீட்டின் கனம் முன்பக்கமாக, கொக்கியின் மேல் கொஞ்சம் அழுந்தியிருக்க வேண்டும். கனம் பின்பக்கம் போனால் வால் ஆடத் தொடங்கும். பெரிய வண்டி அந்த ஆட்டத்தைத் தாங்கி நிற்கும். சின்ன வண்டியை வால் தூக்கி வீசிவிடும். அதற்காகத்தான் கொக்கியின் இரண்டு பக்கமும் கம்பிகளை மாட்டுகிறோம். கம்பி இருந்தால் வால் ஆட யோசிக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே மலையிறக்கத்தில் எங்கள் வால் ஆடியது. வின்னி போய்விட்டாள். எனக்குக் கழுத்தெலும்பு மட்டும் முறிந்தது.

அடக்கத்தின்போது மார்வ் என் பக்கத்தில் நின்றான். தங்கையைப் புதைத்துவிட்டு என் தோளில் கை வைத்து, "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள" என்றான். சபையில் பலர் அழுதார்கள். நான் அந்தக் கையின் கனத்தை உணர்ந்துகொண்டு நின்றேன். என் மேல் அவனுக்கு என்ன இருக்க முடியும் என்று யோசித்தேன். இழுக்கும் என்று சொன்னவன் அவன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் வீட்டு வாசல் பனியை அவன்தான் வாரினான். வாராதே என்றேன். "விடு மாப்ள, உடம்புக்கு நல்லது" என்றான். ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவன் வாருவதைப் பார்ப்பேன். எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்துவிட்டது. பல் வைத்தியர் தூக்கத்தில் கடிக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதனால்தான் இந்த மலைக்கு வந்தேன். காப்பாளர் வேலைக்குச் சம்பளம் பெரிதாக இல்லை, தங்க இடம் தருவார்கள். வருகிறவர்களுக்கு விறகு கொடுப்பேன். கேட்டால் கொக்கியைச் சரிபார்ப்பேன். ஞாயிறு காலையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்போம். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

இந்தக் கோடையில் அவர்கள் சொல்லாமல் வந்தார்கள். "தனியா கெடக்கியேன்னு பாக்க வந்தோம் மாப்ள" என்றான் மார்வ். டோரீன் பாதாம் விழுது வைத்துச் சுருட்டிய எங்கள் ஊர் ரொட்டியை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். "வின்னி பக்குவத்துல செஞ்சேன் ஹார்லன். சரியா வந்துச்சான்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சரியாகத்தான் வந்திருந்தது. அதைச் சொன்னேன்.

ஞாயிறு வாசிப்புக்கு வந்து மார்வ் பெப்பர்மிண்ட்டை வரிசையாகக் கைமாற்றினான். என் முறை வந்தபோது எடுத்துக்கொண்டேன். பல் வலித்தது.

அவர்கள் புறப்படுகிற காலை நல்ல வெயில். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தானிய வண்டி இழுத்த காலத்திலிருந்தே இருப்பது. வண்டியைக் கிளப்புகிறவன் தன் கொக்கியைத் தானே கடைசியாகப் பார்க்கக் கூடாது. இன்னொருவர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். ஆணி, சங்கிலி, விளக்கு, கம்பி. எல்லாம் சரி என்றால் வீட்டின் பக்கச் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அதைக் கேட்டால் ஓட்டுகிறவன் இறங்கமாட்டான். இறங்கிப் பார்த்தால் தட்டியவரை அவமதித்ததாகும். வேறு எவரும் இதற்காக உயிரைப் பணயம் வைப்பார்களா, தெரியாது. நாங்கள் வைப்போம்.

மார்வுக்கு இடுப்பு வலி. குனிவது கஷ்டம். "நீ போய்க் காப்பி குடி, நான் கோத்து வைக்கிறேன்" என்றேன்.

"எல்லாத்தையும் நீயே செய்வியா? அப்ப வாடகை கேட்டுடாத மாப்ள."

"போய்யா, காப்பி ஆறுது" என்றேன். அவனைச் சிரிக்கவைக்க எனக்கு இன்னும் தெரிந்திருந்தது.

கொக்கியை ஒழுங்காகக் கோத்தேன். ஆணி போட்டேன், சங்கிலி மாட்டினேன். அதிலெல்லாம் குறை வைக்கவில்லை. கம்பிகளை மாட்டவில்லை. நிறுத்தும்போது கழற்றியவற்றை அப்படியே எடுத்துப் பின்பெட்டியில் வைத்தேன். முன்பெட்டியில் இருந்த ஜெனரேட்டர், கருவிப்பெட்டி, டோரீனின் இரும்புச் சட்டிகள் எல்லாவற்றையும் பின்பெட்டிக்கு மாற்றினேன். அவர்கள் ட்ரெய்லரில் தண்ணீர்த் தொட்டி சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. புறப்படுமுன் அதைக் காலி செய்வார்கள். நான் குழாயை வைத்து விளிம்புவரை நிரப்பினேன். தண்ணீர் ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மனதுக்கு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கர்த்தர் தந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்வ் காப்பிக் கோப்பையோடு வந்தான். "தண்ணிய எறக்கிட்டியா? சொமந்துட்டுப் போக நாம என்ன மேகமா?"

"தொட்டிய நான் பாத்துட்டேன்" என்றேன்.

கவனித்தீர்களா, அம்மா? என் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பார்த்தேன், அது நிஜம். இப்போதும் சத்தியம் செய்வேன்.

டோரீன் வண்டியில் ஏறுமுன் என்னிடம் வந்தாள். வின்னியின் கம்பளித் துணி ஒன்று அவளிடம் இருந்ததாம். "இது உங்ககிட்ட இருக்கறதுதான் சரி" என்று கையில் வைத்தாள். "நன்றிக்கடுதாசி எல்லாம் எழுத வேண்டாம். சாப்பிடுங்க ஒழுங்கா, அது போதும்" என்றாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுகிறவனுக்கு வலது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வின்னி உட்காரும் பக்கம்.

நான் ஒரு சுற்று சுற்றிவந்தேன். விளக்கு எரிந்தது. பிறகு உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன்.

மார்வ் இறங்கவில்லை. ஜன்னலில் கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போனான்.

நீங்கள் எல்லோரும் நான் மார்வைக் கொல்ல நினைத்தேன் என்று எடுத்துக்கொள்வீர்கள். அது சரியல்ல. அவன் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஜெபித்ததில்லை. அவன் இருக்க வேண்டும். காலையில் எழுந்து பக்கத்துப் படுக்கையைப் பார்க்க வேண்டும். அவன் வீட்டு வாசல் பனியை யாராவது வந்து வார வேண்டும். யார் பிழைப்பது என்பதில் நான் தலையிடவில்லை. அதைக் கர்த்தர் கையில் விட்டேன். அவர் எடுத்த முடிவு உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் தவறு.

மார்வ் காலில் கட்டோடு படுத்திருந்தான். என்னைக் கண்டதும் கையை நீட்டினான். தாதி வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "மாப்ள, கிட்ட வா. கம்பி பின்பெட்டியில கெடந்துச்சாம். நான்தான் மாட்ட மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். யாராவது கேட்டா நீ அந்தப் பக்கமே வரலைன்னு சொல்லு."

"ஏன்?" என்றேன்.

"வயசாச்சுடா நமக்கு. மறக்கறதுதான். நீ ஏற்கனவே ஒருத்தியப் பறிகொடுத்தவன். இது வேற உன் தலையில எதுக்கு?" அவன் கண் நிறைந்துவிட்டது. "டோரீன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பா."

மனைவியை இழந்து கிடக்கிறான். அந்த நிலையிலும் எனக்காகப் பொய் சொல்கிறான். வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய்யாக இருக்கும். நான் அந்தக் கையை எடுத்துப் போர்வை மேல் வைத்துவிட்டு நேரே இங்கே வந்தேன்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதாதீர்கள். அவன் சுமக்கிறது என் மறதியை அல்ல. அதை என் மறதி என்று எண்ணிச் சுமப்பது அவனுக்குச் சுகமாக இருக்கிறது. நான் இரண்டு வருடம் கடைவாயில் அரைத்ததை அவன் ஒரு கையெழுத்தில் நல்ல காரியமாக மாற்றிக்கொண்டான். அதை அவனிடம் விட்டுவைக்க என்னால் முடியாது. நான் மறக்கவில்லை. கம்பியைக் கழற்றிவைத்தேன், கனத்தைப் பின்னால் மாற்றினேன், தண்ணீரை நிரப்பினேன், தட்டினேன். டோரீன் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தே தட்டினேன். இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் விபத்தைப் பற்றியும் கேட்டீர்கள். எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள். அன்று இரண்டு வண்டிகளாக இறங்கிக்கொண்டிருந்தோம். மார்வ் முன்னால். இரண்டு வண்டியிலும் வாக்கி-டாக்கி இருந்தது. "என்ன மாப்ள, நீ வீட்ட இழுக்கறியா, வீடு உன்ன இழுக்குதா?" என்று அதில் சிரித்தான். வெறும் விளையாட்டு. பின்பு உடனே, "மெதுவா வா, இறக்கம் கெட்ட இறக்கம், ஒண்ணும் அவசரமில்ல" என்றான். வின்னியும், "அண்ணன் சொல்றத கேளு ஹார்லன், பயமா இருக்கு" என்றாள். ஒரு தடவை அல்ல. என் கையைக்கூடப் பிடித்தாள். நான் அந்தக் கையை உதறிவிட்டு அவனை முந்துவதற்காகக் காலை அழுத்தினேன். ஆனால் அது இழுக்கும் என்று சொன்னவன் அவன்தான், அம்மா.

அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டதும் அவன் ஏதாவது சொல்லி அனுப்புவான். எனக்கு அவனைத் தெரியும். சபித்தால் வந்து சொல்லுங்கள். தூக்கில் போடச் சொன்னாலும் சொல்லுங்கள். என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னால் மட்டும், தயவுசெய்து, என் காதுக்குக் கொண்டுவராதீர்கள்.