இறக்காத உப்பு

இல்ல அண்ணாச்சி, தள்ளிப் பாத்துப் பிரயோசனமில்ல. ஸ்டியரிங்கச் சுத்துனா அது பாட்டுக்குச் சுத்துது, வீல் மாமியா பேச்சக் கேக்காத மருமவ மாதிரி திரும்ப மாட்டேங்கு. ஸ்டியரிங்குல இருந்து வீலுக்குப் போற கம்பி நுனியில ஒரு இரும்புக் குண்டு இருக்கும். அது ஒடிஞ்சிட்டு. நல்லவேளைக்கு என் பட்டறைக் கொட்டகைக்கு முன்னால ஒடிஞ்சுது. அந்தப் பாலத்துல ஒடிஞ்சிருந்தா, சுதந்திரத்த நீங்க மேல இருந்துதான் பாத்திருக்கணும்.

உக்காருங்க. அந்தப் பெட்டி மேல துணி விரிச்சிருக்கேன். கதரு புதுசு போல, கஞ்சி இன்னும் விடல.

சிலுவை எங்கயா? உங்க டிரைவர நான்தான் என் சைக்கிள்ல அனுப்புனேன், நீங்க அந்தப் பக்கம் ஒதுங்கப் போயிருந்தீயள்லா, அப்பம். திரேஸ்புரத்துல ஒரு கடைக்காரரு வீட்டுலயே சாமான் வச்சிருப்பாரு. இன்னைக்கு ஆகஸ்டு பதினஞ்சு, கடையெல்லாம் அடப்பு. எழுப்பித்தான் வாங்கணும். வந்துருவான்.

கொடிக்கம்பம் இங்கன இருந்தே தெரியுது பாருங்க. அந்தா, உப்புக் குமி எல்லாத்துக்கும் மேல. உங்க உப்பளத்துல நீங்களே நட்ட கம்பம், நீங்களே ஏத்தப் போற கொடி. ரோடுதான் சுத்திக்கிட்டுப் போவுது.

நடந்தா? தாராளமாப் போலாம். உங்க அளத்துப் பொம்பளையோ தலையில உப்புப் பெட்டியோட நடக்குத வரப்புதான. போய்ட்டு வாங்க. நான் வேண்டாம்னு சொல்லுவனா?

என்ன, திரும்பிட்டீய? ஐயையோ, முட்டு வரைக்கும் சேறு. வரப்பு வழுக்கும்னு சொல்ல மறந்துட்டேன். இந்தத் தண்ணியில கழுவுங்க. உப்புத்தண்ணி, காஞ்சா அரிக்கும், பரவால்லயா?

குத்தம் வண்டி மேல இல்ல அண்ணாச்சி. சேத்துல அமுங்கக் கூடாதுன்னு ஸ்பிரிங் பட்டைக்கு அடியில கட்டை குடுத்து வண்டிய ஒரு சாண் ஒசத்தியிருக்கீய. சரி. கம்பிய யாரு ஒசத்துனது? அது பழைய நீளத்துலயே சாஞ்சு தொங்குது. ஒவ்வொரு குழிக்கும் குண்டப் போட்டு நெம்புது. எத்தன நாளைக்குத் தாங்கும்? ஒசந்தா முழுசா ஒசரணும். உடம்பு மட்டும் ஒசந்து, உள்ள பழசு அப்பிடியே கெடந்தா ஒரு நாளைக்குக் கழண்டுரும்.

சிரிக்கீய. நான் வண்டியத்தான் சொன்னேன்.

இந்தப் பேச்செல்லாம் எங்க படிச்சேனா? பள்ளிக்கூடத்துல இல்ல. துண்டு நோட்டீசுலதான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எனக்கு மொதல்ல படிக்கத் தெரிஞ்ச பெரிய வார்த்த ஏகாதிபத்தியம். அம்மா, ஆடு எல்லாம் அதுக்குப் பொறவுதான். உங்க பேச்ச எழுதி வச்சிருக்கீயளா? குடுங்க பாப்பம். நம் அளத்துத் தொழிலாளர் செய்த தியாகம்... நல்லாருக்கு. யாரு எழுதிக் குடுத்தது? பேரு ஒண்ணையும் காணுமே. தியாகம்னா செஞ்சவனுக்குப் பேரு இருக்கும்லா. செல்லப்பாண்டின்னு ஒருத்தன் இருந்தான், நெனவிருக்கா?

நெறையப் பேரு வேல பாத்தாவ, ஆமா. எல்லாரையும் எங்க நெனவு வச்சிக்கிடுவீய.

வெயிலுக்குச் சட்டையக் கழட்டக் கூடாதான்னு கேக்கீய. என் சட்டையவா? பழகிட்டு. வேர்த்தா வேர்க்கட்டும்.

செல்லப்பாண்டியச் சொல்லிக்கிட்டிருந்தேன். நாப்பத்திரெண்டுல அளத்துல வேலநிறுத்தம். போலீசு வந்து அடிச்சு மூணு பேரப் பிடிச்சாவ. இன்ன இன்ன ஆளுன்னு கை காட்டுனது யாருன்னு இப்பம் எதுக்கு? ஸ்டேஷனுக்குக் கொண்டு போவ வண்டி இல்ல. அளத்துக்காரரு தன் லாரியக் குடுத்தாரு. லாரியில பாதி உப்பு ஏத்திக் கெடந்தது, அப்பத்தான் வாரி எடுத்த ஈர உப்பு. ஏட்டையாவே கேட்டாரு, உப்ப இறக்கிரலாமான்னு. எதுக்கு ரெண்டு வேல, அது மேலயே போடுங்கன்னாரு அளத்துக்காரரு. தோல் உரிஞ்ச முதுக உப்பு மேல போட்டுக் கட்டுனாவ. ஒவ்வொரு குழிக்கும் லாரி குதிக்கும், முதுகு உப்புல தேயும். செல்லப்பாண்டி மொதல்ல அலறுனான். பொறவு தண்ணி கேட்டான். பாலத்துக்கிட்ட வரும்போது ஒண்ணுமே கேக்கல.

எந்திரிக்காதீய. எங்க போவீய? வரப்புத்தான் வழுக்குதுல்லா.

அன்னைக்கு லாரி ஓட்டுனவன் சிலுவை. வழியெல்லாம் அழுதுக்கிட்டேதான் ஓட்டுனான். உங்ககிட்ட அவன் இன்னமும் வேல பாக்குதது சோத்துக்கு. எங்கிட்ட வந்து உக்காந்திருக்குதது வேற எதுக்கோ. அந்த லாரிதான் இந்த வண்டி. நீங்க ஒசத்துனீய, பச்சப் பெயிண்டு அடிச்சீய. பின்பலகையில கயித்துக்குப் போட்ட ஓட்டைய அடைக்கல. என் கையக் கட்டுன ஓட்டை அது. எனக்குத் தெரியாதா?

ஆமா. மூணு பேருல ஒருத்தன் இந்தத் தாணுலிங்கம். தாடி இல்லாம பாத்திருக்கீய, அதான் அடையாளம் மட்டுப்படல. இந்தா, சட்டையத் தூக்குதேன், பாத்துக்கிடுங்க. தழும்பு பொம்ம வரைஞ்ச மாதிரி இருக்கா? நல்லாப் பாருங்க, மொகத்தத் திருப்பாதீய.

அந்தா. அந்தா ஏறுது பாத்தீயளா, கம்பத்துல. நீங்க இல்லாம யாரு ஏத்துனதா? பேச்சி. செல்லப்பாண்டி பொஞ்சாதி. நீங்க சொல்லித்தான் அவ ஏத்துதா.

சிலுவை சாமான் வாங்கப் போவல அண்ணாச்சி. மேடையில ஏறி நீங்க சொன்னதா ஒரு சேதி சொல்லப் போனான். மொதலாளி சொல்லி அனுப்புனாரு, அன்னைக்கு உப்ப இறக்க மாட்டேன்னது நான், செல்லப்பாண்டிய அது மேல போடச் சொன்னது நான், இந்தக் கையால கொடியத் தொட மாட்டேன், பேச்சியே ஏத்தட்டும்னு. அவ்வளவுதான். சொல்லி முடிச்சிருப்பான், கயிறு அவ கைக்குப் போயிட்டுல்லா. இல்லன்னு மறுக்கணும்னா நீங்க அங்கன போய்த்தான் மறுக்கணும். சிலுவையும் நானும் நிப்போம்.

குண்டா? எங்கிட்டயே இருந்துது, இந்த டவுசர் பையில. கொஞ்சம் தள்ளுங்க, வண்டிக்கு அடியில போவணும். புதுசு போட்டு முறுக்குனா முடிஞ்சிட்டு.

இந்தா, ஆயிட்டு. வீல் சொன்ன பேச்சு கேக்குது. நானே ஓட்டுதேன், ஏறுங்க. சொல்லுங்க அண்ணாச்சி, வீட்டுக்கு விடவா, அந்தக் கூட்டத்துக்கு விடவா?