நீலநாகத்தின் கதையை இனி யார் சொல்வது?

கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கிய கையால் இன்று இந்தக் கூட்டத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும் மன்றத் தலைவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் தாமோதரன் அவர்களே! ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்து இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே! இறால் கூடையை இறக்கிவைத்த ஈரம் காயுமுன் காத்திவாக்கத்திலிருந்து ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! கைதட்டலாமா என்று கைப்பேசியைப் பார்த்தபடியே யோசிக்கும் இளைய சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும், திருவொற்றியூர் மளிகைக்கடை பாலகணேஷின் பணிவான வணக்கம்.

என்னம்மா? ‘அண்ணாச்சி, சுருக்கா முடி’ என்கிறீர்களா? மைக் கிடைத்த மளிகைக்கடைக்காரன் சுருக்கமாகப் பேசி எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இன்றைக்கு இந்த மேடைக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. ‘நீலநாக நகரம்’ என்ற ஜப்பானியத் தொடர் நம் அனைவரையும் ஏமாற்றிவிட்டதால், அதன் பெயரால் நடக்கும் நம் எண்ணூர் ரயில் ரசிகர் மன்றத்தைக் கலைத்துவிடலாமாம். அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். கோபமாகத்தான் வந்திருக்கிறேன்!

ஆஹா, அந்த முதல் பாகத்தை மறக்க முடியுமா? டப்பிங்கில் தமிழ் பேசிய நாகத்தை மறக்க முடியுமா? கடலுக்கடியில் ஒரு கோட்டை. கோட்டையைச் சுற்றிக் காவல் நிற்கும் நீலநாகம். அதைத் தேடி மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குளித்த ஒரு பொடியன்! என் கடைத் தொலைக்காட்சியில் அது ஓடும்போது பருப்பு வாங்க வந்தவர்கள் பருப்பை மறந்தார்கள். நான் பாக்கிச் சில்லறையை மறந்தேன். அந்தப் பொடியன் நாகத்தின் கண்ணுக்கு நேரே போய் நிற்கிறான், நாகம் வாயைத் திறக்கிறது, ‘தொடரும்’ என்று போட்டார்கள். போட்டவர்கள் போனார்கள். போனவர்கள் வருடக்கணக்கில் வரவே இல்லை!

யார் தொடர்ந்தது? காத்திவாக்கத்து மங்கை தொடர்ந்தாள்!

காலையில் சென்னைக்குப் போகும் நம் எண்ணூர் ரயில் பேசின் பிரிட்ஜ் நிலையத்துக்கு முன்னால் நிற்கும். ஏன் நிற்கும் என்று கேட்காதீர்கள், அது நிற்கும். அப்போது மங்கை கல்லூரிக்குப் போகும் பெண். நான் பாரிமுனைக்குக் கொள்முதலுக்குப் போகிறவன். ஒருநாள் ரயில் நின்ற நேரத்தில் தோழியிடம் சொல்ல ஆரம்பித்தாள்: “இப்ப இன்னா ஆவுதுன்னா, அந்தப் பாம்பு அவன முழுங்கல. ‘யார்ரா நீ, எங்க வூட்டாண்ட இன்னா வேல?’ன்னு கேக்குது.” பெட்டியே திரும்பிப் பார்த்தது! மறுநாள் மீன்கூடைக்காரர்கள் கேட்டார்கள். அதற்கு மறுநாள் மணலி கம்பெனிக்காரர்கள், வேலை எதிர்த்திசையில் இருக்க, கதைக்காக இந்தப் பக்கம் ஏறினார்கள். ரயில் நகர்ந்தால் கதை நிற்கும்; அதுதான் அவள் வைத்த சட்டம். உலகத்திலேயே, சிக்னல் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்ட பயணிகள் நாம் மட்டும்தான்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்!

ஒரு புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? மீன்கூடைக்கார நர்மதா அம்மா வீட்டு ஆட்கள் போன படகு கடலில் சிக்கிக்கொண்டது. தகவல் இல்லை. அதே பெட்டியில், அதே ஜன்னலோரம், அந்த அம்மா கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள். ரயில் நின்றது. யாருக்கும் கதை கேட்க வாய் வரவில்லை. அந்த அம்மாதான் கேட்டார்கள்: “மங்கே, அந்தப் பாம்பு இன்னா பண்ணிகினு கீது?” மங்கை அந்த அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: “படகுங்களயெல்லாம் முதுகுல ஏத்திகினு கரையப் பாத்து வந்துகினு கீதும்மா.” படகு பிறகு பத்திரமாய்த் திரும்பியது. நாகம் கொண்டுவந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவை வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு சாப்பிட வைத்தது அந்த நாகம்தான், அய்யா!

இப்படிப் பிறந்தது நம் மன்றம். பிறகு வந்தது செய்தி: இரண்டாம் பாகம் வருகிறது! நாம் சும்மா இருந்தோமா? படத்தைப் பார்க்குமுன்பே பாலூற்றுவது நம் பரம்பரைக் குணமாயிற்றே! நாகத்துக்கு ஆளுயரக் கட்அவுட் வைத்தோம். பேனரில் நாகம் சின்னதாகவும் நாம் பெரிதாகவும் நின்றோம். பால் ஊற்றி, மாலை போட்டு, பட்டாசு வெடித்தோம். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். ஊரே திரண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தது.

என்ன வந்தது? குடை வந்தது!

அந்தப் பொடியன் பள்ளிக்கூடத்து வாசலில் குடையோடு நிற்கிறான். மழையில் நிற்கும் இரண்டு பெண்களில் யாருக்குக் குடை கொடுப்பது? அதற்கு ஒரு பகுதி! கொடுத்தபின் கன்னம் சிவப்பதற்கு ஒரு பகுதி! கடிதம் எழுதுவான், கிழிப்பான்; அவள் திரும்புவாள், இவன் குனிவான். நாகம்? கடைசியில் ஒருமுறை கண்ணைத் திறந்து, இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. நர்மதா அம்மா எழுந்து கேட்டார்கள்: “லவ்வு பண்றவன் பண்ணிட்டுப் போறான். அத்துக்கு இன்னாத்துக்கு நைனா இம்மாம் பெரிய கடலு?”

காதல் கூடாது என்று சொல்ல நான் யார்? மதத்தைத் தாண்டிக் கைப்பிடித்த என் ரோஸ்மேரி முன்வரிசையில் முறைக்கிறாள்! காதல் இருக்கட்டும், கடலையும் கொஞ்சம் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. மறுவாரம் ரயில் நின்றது. மங்கை இப்போது வேலைக்குப் போகிறாள், அதே வண்டிதான். “மேல சொல்லும்மா” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இன்னா அண்ணாச்சி சொல்றது? ஒரிஜினல் வந்துட்ச்சுல்ல. நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிட்ச்சு.” அன்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. பெட்டி முழுக்கத் தலைகுனிந்து ஆளுக்கொரு கைப்பேசி. அதே ரயில், அதே கூட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பெரியோர்களே! எது பொய்? காசு கொட்டி எடுத்து, கலர் பூசி அனுப்பியது மெய்யாம்; கலங்கிய தாய்க்குக் கண்ணெதிரே பிறந்த கதை பொய்யாம்! இதை ஒப்புக்கொள்ளவா நாம் மன்றம் வைத்தோம்? ஜப்பான்காரர்கள் நாகத்தைப் பெற்றார்கள், வாழ்க! வளர்த்தது யார்? அலையைக் காட்டி, அழுகையைக் காட்டி, நம் ஊர் பாஷை சொல்லிக்கொடுத்து வளர்த்தது யார்? மன்றத்தைக் கலைப்பதா வேண்டாமா என்பதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. மங்கை இனிமேல் கதை சொல்லமாட்டாள் என்றால் நானே முதலில் கையெழுத்துப் போடுகிறேன்.

மங்கை! மூன்றாவது வரிசையில் ஒளிந்துகொள்ளாதே அம்மா! இதோ மைக்!

வழி விடுங்கள், வழி விடுங்கள்... வருகிறாள். தாமோதரன் அண்ணன் எழுந்து நாற்காலி தருகிறார். வேண்டாமாம், நின்றே பேசுவாளாம். என்னம்மா கேட்கிறாய்? சத்தமாய்க் கேள். “எங்க வுட்டேன்?” என்று கேட்கிறாள், அய்யா! எங்கே விட்டாள்? யாருக்காவது...

அடேயப்பா! ஒரே குரலில் கத்தினால் எப்படி? நர்மதா அம்மா மட்டும் சொல்லட்டும். “கோட்டக் கதவாண்ட, பூட்டுல சாவியப் போட்டுட்டு அந்தப் பொடியன் நிக்கிறான்மா, ஒரு மாசமா நின்னுகினே கீறான்!” கேட்டாயா மங்கை? ஒரு மாதமாய் அவனை யாரும் மறக்கவில்லை.

என் குரலை இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் காதுகளுக்கு நன்றி. இடம் தந்த மன்றத்துக்கு நன்றி. அனைவருக்கும் வணக்கம் சொல்லி இறங்குகிறேன், சீக்கிரம் நகருங்கள், எனக்கும் உட்கார்ந்து கேட்க ஓர் இடம் வேண்டும்.