கைப்பையில் வந்த குப்பி

உங்கள் காவலர் தேநீர் நன்றாகவே போட்டிருக்கிறார், ஐயா. சூடுதான் போதவில்லை. சூடு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். என் தொழில் அப்படி. பக்கத்து அறையில் அழுகிறவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்துப் பாருங்கள், சத்தம் குறையலாம். ஆண் அழுதால் மற்றவர்களுக்கு இரக்கம் வரும். எனக்குக் கொட்டாவி வருகிறது.

ஆண்களுக்குப் பிள்ளையில்லாமல் போவது ஏன் என்று ஆராய்ந்து வைத்தியமும் பார்க்கிற மருத்துவமனையில் நான் ஆய்வகப் பொறுப்பாளன். விந்து மாதிரியை நுண்ணோக்கியில் வைத்து, அணுக்கள் எவ்வளவு, அவற்றில் நீந்துகிறவை எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மாதிரி எடுக்க எங்களிடம் தாழ்ப்பாளோடு தனி அறை இருக்கிறது. ஆனால் இந்த ஆண் வீரர்கள் பலருக்கு அங்கே கூச்சம். அவர்கள் வீட்டிலேயே எடுத்து, உடம்புச் சூடு ஆறுவதற்குள் குப்பியைக் கொண்டுவரலாம் என்று ஒரு சலுகை கொடுத்திருந்தோம்.

யார் கொண்டுவருவார் என்று நினைக்கிறீர்கள்? மனைவிதான். கைப்பைக்குள் வைத்து, அந்தக் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவாள். என் ஜன்னலில் குப்பியை வைத்துவிட்டுத் தரையைப் பார்ப்பாள். அவளைக் கட்டிய துரை வாசலில் நின்று போன் நோண்டிக்கொண்டிருப்பார். ஊசி, ஸ்கேன், மாமியார் பேச்சு எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே பட்டு முடித்திருப்பாள். இவருக்கு ஒரு குப்பியைத் தூக்கக் கை வலிக்கும். உங்கள் பையைக்கூடக் காவலர்தான் தூக்கிவந்தார், கவனித்தேன். பரவாயில்லை.

இந்தப் பிறவிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள், அப்படி வந்த குப்பியில் கை கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டேன். நுண்ணோக்கியில் ஒன்றும் அசையவில்லை. ‘அசைவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அந்தத் துரை தானே உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. குப்பியைத் தானே கொண்டுவந்தவனை நான் தொட்டதே இல்லை. நான் நியாயமானவன். என் அறிக்கைகளை நம்பிச் சில மனைவிகளுக்கு வீணாக இன்னும் ஊசி போட்டார்கள் என்கிறீர்கள். அது டாக்டர் எடுத்த முடிவு.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படித்த மனிதர், பாவம். அணுக்கள் ஏராளமாக இருக்கின்றன, ஒன்றுகூட நீந்தவில்லை, இப்படி இத்தனை பேரா என்று மண்டையை உடைத்துக்கொண்டார். இறுக்கமான உள்ளாடையா, மடியில் வைக்கும் கணினியா, பூச்சிமருந்தா என்று பெரிய ஆராய்ச்சியே தொடங்கினார். காரணம் அவர் முதுகுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டு நின்றது. கடைசியில் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். மாத்திரை தின்றவர்களில் பாதிப்பேர் பயந்துபோய் அடுத்த தடவை குப்பியைத் தாங்களே ஏந்திக்கொண்டு வந்தார்கள். அவற்றை விட்டுவிட்டேன். நீந்தின. மருந்து பலித்துவிட்டது என்று டாக்டர் அந்த மாத்திரையைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். பலித்தது என் வைத்தியம்.

இப்போது அழுகிறானே, கண்ணாடிக் கடைக்காரன், அவன் மாத்திரைக்கும் வரவில்லை, மறு சோதனைக்கும் வரவில்லை. இயற்கையாகப் பிள்ளை பிறக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னதும், “விடு, உனக்கு நான், எனக்கு நீ” என்று மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டானாம். ரோஷம், வேறென்ன? குப்பியைக் கொண்டுவந்தவள் அந்த மனைவிதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

சில மாதம் கழித்து டீச்சர் தனியாக என் ஜன்னலுக்கு வந்தாள்.

“சார், நான் முழுகாம இருக்கேன்.”

“சந்தோஷம்மா.”

“அவர் நம்ப மாட்டேங்கிறார் சார். உங்க ரிப்போர்ட்டை மூஞ்சிக்கு முன்னாடி நீட்டி, இது யாருதுன்னு கேக்கிறார். இப்படி ஒரு நாளும் அவர் என்கிட்ட பேசினதில்ல. எனக்குப் பயமா இருக்கு. ரிப்போர்ட் தப்பா இருக்கலாம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, போதும்.”

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் அந்த மாத்திரையைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வெளிநாடு போயிருந்தார். என் கையெழுத்தை அதுவரை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

“எங்க ரிப்போர்ட் தப்பாகாதும்மா,” என்றேன்.

“அப்ப நான் வீட்ல போய் என்ன சொல்றது?”

“அன்னைக்கு அந்தக் குப்பிய அவரையே கொண்டுவரச் சொல்லியிருக்கணும்.”

அவளுக்குப் புரியவில்லை. “அவர்தானே சார் வண்டி ஓட்டிட்டு வந்தார். பின்னாடி உக்காந்து, சூடு போகாம நான் பிடிச்சிட்டு வந்தேன். என்னை இறக்கிவிட்டுட்டு, வண்டி நிறுத்த எடம் தேடிப் போனார்.”

வண்டி என்று ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தோன்றியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்களுக்குச் சாக்குக்கா பஞ்சம்? வரிசையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி ஜன்னலை மூடினேன். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கண்ணாடி வழியாக நிழல் தெரிந்தது.

அன்று மாலை அவன் அவளை மாடிப்படியில் பிடித்துத் தள்ளினான். அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. கரு அவனுடையதுதான் என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. அவன் மாதிரியை வேறிடத்தில் பார்த்தபோது அணுக்கள் நன்றாக நீந்தியதும் சரி. சோப்பு விட்டவன் நான். அவள் கேட்ட ஒரு வார்த்தையைக் கொடுக்காதவனும் நான். மொத்தம் எத்தனை குப்பி என்று கேட்காதீர்கள், எண்ணி வைக்கவில்லை.

வருத்தமா என்றீர்கள். அவளை நினைத்தால் வருத்தம்தான். நல்ல பெண். ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று அந்தக் குப்பியைப் பார்த்த அன்றே எடைபோட்டிருந்தேன். தப்பவில்லை, பார்த்தீர்களா?

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் பெண்கள் பக்கம் நின்ற ஒரே ஆண் நான்தான்.