வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு

தட்டு என்னுடையது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. என் நாக்குக்கு இன்னும் கொமிசேர் என்றுதான் வருகிறது. பிரெஞ்சுக்காரன் கப்பலேறி ஒரு வருஷம்தானே ஆகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேக் அலாவுதீன் மரைக்காயர் காலமானதும் அவர் மருமகன் தாவூது, இந்தச் செல்லையன் பீங்கான் தட்டைத் திருடிக்கொண்டு சொந்த ஊர் சுரக்குடிக்குப் போய்விட்டான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இடுப்பு விட்டுப்போகும்வரை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் நான். ஒரு பிடி அரிசி மடியில் கட்டியதில்லை. அந்தத் தட்டைக் கடைத்தெருவில் என் கூலியில் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் உங்களுக்கே விளங்கிவிடும்.

மரைக்காயருக்கு மறதி. சைகோனில் வியாபாரம் பண்ணியவர், சொந்த வீட்டில் கொல்லைக்கு வழி கேட்பார். தெருவில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள அவர் மகள் ஆஸியா பீவி என்னை வைத்தார். அடுப்படி உள்ளே, மரைக்காயர் முன்கூடத்தில். தட்டை வாங்கி வந்து வைப்பதும் காலித் தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்.

பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்பதால் அவர் கண்ணைப் பார்த்தேன். நம் கண் ஓரிடத்தில் நிற்காது, மேயும். அவர் கண் விழுந்த இடத்திலேயே கிடக்கும், சேற்றில் இறங்கிய வண்டிச் சக்கரம் மாதிரி. மூக்குக்கண்ணாடி எதிரிலேயே இருக்கும், காணோம் என்பார். ஆனால் ஏதாவது அசைந்தால் போதும், கண் அதன் பின்னால் ஓடிவிடும். பல்லி ஓடினால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பல்லியோடு போய்விடுவார்.

ஒரு நாள் மதியம் சுடுசோறும் தயிரும். தட்டு சைகோனிலிருந்து வந்த வெள்ளைப் பீங்கான். குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, வெறுந் தட்டக் கொண்டாந்து வச்சிருக்கே?"

"சோறு இருக்குங்க மொதலாளி."

"எங்கடா இருக்கு? என்னய குருடன்னு நெனச்சியா?"

வெள்ளையில் வெள்ளை அவருக்குத் தெரியவில்லை. மணமும் எட்டவில்லை. உடையவரே இல்லை என்று சொன்ன சோறு யாருடையது? யோசித்தேன். ஆறிக்கொண்டிருந்தது. சீரகச் சம்பா ஆறக்கூடாது. சாப்பிட்டேன். அவர் விரல் படாததால் எச்சில்கூட இல்லை.

சாயந்தரம் மகளைக் கேட்டார். "ஏம்மா ஆஸியா, இன்னிக்கி இந்த வீட்டுல சோறே ஆக்கலியா?"

"நல்லாருக்கே வாப்பா! தட்ட வழிச்சுத் தின்னுட்டு இப்புடிக் கேக்குறீங்க?"

"அப்புடியா? மறந்துட்டேன் போல." வெட்கப்பட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நல்ல குடும்பம் ஐயா அது.

மறுநாள் மீன்குழம்பு. சிவப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது. சிவந்த இடமெல்லாம் தின்றார். முதலாளிக்குக் காரம் ஆகவில்லை, வயிறு கெடுகிறது என்று பீவியிடம் சொன்னேன். பாவம், அன்றிலிருந்து பார்த்துப் பார்த்து ஆக்கினார். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆப்பம், தயிர்ச்சோறு. எல்லாம் வெள்ளை. எனக்கும் அதுதான் ஒத்துக்கொண்டது.

தொந்தரவு ஈயால் வந்தது. சோற்றில் ஓர் ஈ உட்கார்ந்தது. கண் ஈயோடு போனது, கை கண்ணோடு போனது. விரலில் சோறு ஒட்டியதும், "அட, இருக்கே!" என்று பாதியைத் தின்றுவிட்டார். அதன்பிறகு தட்டு வைத்த கையோடு விசிறியை எடுத்துவிடுவேன்.

"ஒரு ஈ அண்டவுடமாட்டேங்குறான் பாருங்க. பெத்த புள்ள இப்புடிச் செய்யுமா?" என்று பீவி புருஷனிடம் சொன்னார்.

"புள்ள இளைக்கும். இவன் கன்னத்தப் பாரு, பன்னு மாதிரி இருக்கு" என்றார் தாவூது. அவருக்கு என்மேல் எப்போதும் பொறாமை.

கொலைகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்புத் தேத்தண்ணியும் பேரீச்சம்பழமும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றில் நான் கைவைத்ததே இல்லை.

பிறகு பூனை தட்டிவிட்டு அந்தப் பீங்கான் உடைந்தது. பீவி வாழையிலையில் போட்டுக் கொடுத்தார். பச்சையில் சோறு பளீரென்று தெரிந்தது. மரைக்காயர் குனிந்த தலை நிமிரவில்லை. மறுசோறு கேட்டார், இன்னும் கேட்டார்.

"வாப்பாவுக்குப் பசி வந்துருச்சு செல்லையா!" பீவிக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்கும் பசி வந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் அவருக்குக் கன்னம் தேறியது. பல்லியை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "செல்லையா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் இளைத்தேன்.

கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் பூப்போட்ட தட்டு காட்டினார், நீலக்கரை போட்டது காட்டினார்.

"வேணாங்க. சுத்த வெள்ள. கரகூட இருக்கப்படாது."

"என்னய்யா இது, மையத்து வீட்டுக்கா?"

"இல்லீங்க. இனிமேத்தான்."

சாவு வீட்டுக்கா என்று கேட்டதற்கு வேடிக்கையாகச் சொன்னது அது. சைகோன் பார்த்த மனிதர் இலையில் சாப்பிடுவது மனசுக்கு ஒப்பவில்லை என்று சொல்லித் தட்டை நீட்டினேன். பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி அடைமழையில் மரைக்காயர் படுத்த படுக்கையானார். கடைசி நாள் தட்டை வைத்தேன், பார்க்கவில்லை. வழக்கம்போல நானே முடித்துக் கை கழுவித் திரும்பினேன். அவர் கண் மெல்ல நகர்ந்து என் முகத்தில் வந்து நின்றது.

"நீ சாப்டியாப்பா?"

"ஆச்சுங்க மொதலாளி. வயிறு நெறஞ்சிருச்சு."

"அது போதும்" என்றார். பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டார்.

சோற்றைத் தின்றேன், ஈயை ஓட்டினேன், தட்டை வாங்கினேன். அவர் பசியால் செத்தார் என்றால் ஒத்துக்கொள்கிறேன். திருடன் என்பதை மட்டும் வெட்டிவிடுங்கள். கடைசியாக அவர் கேட்டதற்குக்கூட நான் ஒரு பொய் சொல்லவில்லை, ஐயா.