லுட்கார்டின் கியரும் யோஸ்டின் ஏப்ரனும்

மேடு கண்டு மிரளாத மூர்பேக் சைக்கிள் சங்கத்தின் தலைவி, மேசை மணியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மிரட்டும் ஓடில் அம்மையார் அவர்களே! கால் தளர்ந்தாலும் பந்தயக் கதைக்குப் பிரேக் பிடிக்காத பெரியோர்களே! எங்கள் சேற்று உடுப்புகளைத் துவைத்துத் துவைத்தே தோள் நொந்த தாய்மார்களே! உருளைக்கிழங்கு வறுவலுக்காகக் காத்திருக்கும் வயிறுகளே! வணக்கம்.

என்ன ஐயா, பின்வரிசையில்? "சுருக்கமா முடிப்பா!" என்கிறீர்களா? முடிக்கிறேன். ஆனால் வறுவல் கொண்டுவர வேண்டியவரே இன்னும் வரவில்லையே!

நம் நீச்சல் ஆசிரியை லுட்கார்டை அறியாதவர் உண்டா? ஊர்த் திருவிழாப் பந்தயத்தில் ஆண்டுதோறும் அவரை முந்தியவர் யார்? அவருடைய கணவரின் தம்பி, அடுத்த ஊர் யோஸ்ட்! தோற்றவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு இந்த விருந்தில் பரிமாற வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். ஆண்டுதோறும் கட்டியவர் லுட்கார்ட். சிரித்துக்கொண்டேதான் பரிமாறினார். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது, எனக்குத் தெரியும்.

ஏன் தோற்றார்? காலில் வலுவில்லையா? நெஞ்சில் துணிவில்லையா? உண்டு, உண்டு! கியர்தான் விழவில்லை!

பெரிய வீரர்கள் கழற்றிப் போட்ட பாகங்களைக் கெஞ்சி வாங்கி, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் நாம். லுட்கார்டோ வண்டியிலேயே பூட்டிவிட்டார்! கைப்பிடியில் கியர் மாற்றும் நெம்புகோல் ஒரு சாம்பியனுடையது. பின்னால் செயினை நகர்த்தும் கருவி இன்னொருவருடையது. பல்சக்கர அடுக்கு மூன்றாமவருடையது. நெம்பு கம்பியை ஓர் அளவு இழுக்கும், கருவி வேறோர் அளவு நகரும், செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நின்று கடகடவென்று அழும்.

கணவர் ரோம்பவுட் சொன்னார்: "எல்லாம் பெரிய ஆளுங்கதான் லுட்கார்ட். ஆனா ஒருத்தன் பேச்ச ஒருத்தன் கேக்க மாட்டேங்கிறான்."

"அப்ப ஒத்துப்போறவங்களாப் பாத்து வாங்குறேன்" என்றார் அவர்.

வாங்கினார். விலை உயர்ந்ததையா? இல்லை! நெம்பு, கருவி, பல்சக்கரம், செயின் எல்லாம் ஒரே வரிசையில், நடுத்தரமானவை. கம்பியும் அதன் உறையும் புதிது. மேடேறப் பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம். அதைத் தாங்கும் நீண்ட கை கொண்ட கருவி.

மிதிப்பதை லேசாக்கும் பெரிய பல்சக்கரம் நம் ஊரில் வெட்கக்கேடு அல்லவா? இந்த ஆண்டுப் பந்தயம் தொடங்கும் கோட்டருகே யோஸ்ட் கேட்டார்: "என்ன அண்ணி, பின்னால சாப்பாட்டுத் தட்ட மாட்டிட்டு வந்திருக்கீங்க?"

"ஆமா கொழுந்தனாரே, நீங்க எனக்குப் பரிமாறத்தான்!"

மழை. கல் பாவிய மேடு. கெத்துக்காகக் கனமான கியரில் ஏறிய யோஸ்ட், திணறினார், தள்ளாடினார், பாதியில் கால் ஊன்றினார். லுட்கார்டோ மேடு தொடங்கும் முன்பே நெம்பை ஒரு தட்டுத் தட்டினார். 'க்ளிக்!' செயின் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. "ஏப்ரன துவைச்சு வச்சிருக்கேன்!" என்று கூவியபடி அவரைக் கடந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அங்கே நின்று நான் அழுதேன்.

ஆகவே மூர்பேக்கின் மக்களே! பேரைப் பார்த்துப் பூட்டாதீர்கள், பொருத்தம் பார்த்துப் பூட்டுங்கள்! விலையைப் பார்த்து வியக்காதீர்கள், கியர் விழுகிறதா என்று பாருங்கள்! ஊர் சிரிக்கட்டும், உங்கள் கால் அறிந்த கியரைப் போடுங்கள்!

அதோ, அடுக்களைக் கதவு திறக்கிறது! ஏப்ரனோடு யார்? கைதட்டுங்கள்! யோஸ்ட் அவர்களே, அங்கே ஒரு படி இருக்கிறது, கியரைக் குறைத்து ஏறுங்கள்! முதல் தட்டு உங்கள் அண்ணிக்கு!

பசியோடும் பொறுமையோடும் கேட்டவர்களுக்கு நன்றி. உங்கள் செயின் என்றும் நழுவாதிருக்கட்டும். வணக்கம்!