இருபத்து நாலில் விடுபட்ட இரண்டு

எனக்குப் படம் வரையத் தெரியாது, மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணையில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானமாகப் போய்விடும்.

அப்புறம் என்னதான் தொழில் என்று உங்கள் காவலர் கேட்டார். போட்டோவை அடியில் வைத்து, கணினியில் அதன் மேல் கோடு இழுப்பேன். கோடு முடிந்ததும் போட்டோவை எடுத்துவிடுவேன். மிஞ்சுவது வெக்டர் படம். நகத்தளவுக்குச் சுருக்கினாலும் சரி, நாலு மாடி உயரத்துக்குப் பெரிதாக்கினாலும் சரி, உடையாது. அதை விற்பனைத் தளத்தில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கி எதில் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். என்னைக் கலைஞன் என்று யாரும் சொன்னதில்லை. என் தங்கை மட்டும் சொல்வாள், அதுவும் நான் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்து போகும்போது.

தங்கை வீட்டில்தான் இருக்கிறேன். என் வீடு என்று ஒன்று இருந்தது, என் மனைவி என்னைப் பற்றித் தெளிவடையும் வரை. தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். எவ்வளவு நல்லவர் என்றால், இரண்டு வாரம் தங்க வந்தவனை மூன்றாவது வருஷமும் ‘வாங்க மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அம்மாவும் எங்களோடுதான். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இதய நோயாளி. அதிர்ச்சி தரும் எதையும் சட்டென்று சொல்லக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். மாதா மாதம் மாத்திரை வாங்கி வந்தவனும் நான். வீட்டில் வெட்டியாக இருப்பவன் நான்தானே.

இந்த வருஷம் ஒரு முகபாவத் தொகுப்பு தயாரித்தேன். ஒரு வீட்டுப் பெண்கள் இருவர், ஒருத்தி இளையவள், ஒருத்தி முதியவள். ஆளுக்குப் பன்னிரண்டு முகபாவம். மகிழ்ச்சி, கோபம், சலிப்பு, சந்தேகம் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. தங்கையின் சலிப்புக்கு நான் சும்மா சமையலறைக்குள் போய் நின்றாலே போதும். அத்தைக்குப் படம் எடுத்துக்கொள்வதில் ஒரே ஆசை. தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

இருபத்து நாலில் இருபத்திரண்டை விற்பனைத் தளத்தில் ஏற்றுக்கொண்டார்கள். திரும்பி வந்தது துயரம் மட்டும், இரண்டு பேருடையதும். தொகுப்பு முழுசாக இல்லாவிட்டால் விற்பனைக்கு வராது. தங்கையை அழச் சொன்னால் சிரித்தாள். அத்தையைச் சோகமாகக் கண்ணை மூடச் சொன்னேன், தூங்கிப்போனார். கடைசியில் கண்ணாடியில் என் மூஞ்சியையே போட்டோ எடுத்து அதன் மேல் கோடு இழுத்தேன். தளத்தில் படங்களைத் தேர்வு செய்யும் பரிசீலகர், பல்வலிப் படங்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதாக எழுதியிருந்தார். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸை விட்டவன் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தாறு வயசில் ஒரு சோக மூஞ்சி கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டேன். அப்போது மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். அதிலும் பல்வலிதான் தெரிந்தது.

திங்கட்கிழமை சாப்பிடும்போது மாப்பிள்ளை மறுநாள் வேலையைப் பற்றிச் சொன்னார். பெரிய கட்டடமாம், தரைக்குக் கீழ்த்தளத்தில் வேலையாம், அங்கே போனில் சிக்னல் எடுக்காதாம். நானாக எதையும் விசாரிக்கவில்லை. எத்தனை மணி வரைக்கும் என்று மட்டும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. அந்த நேரத்தில்தான் சமையலறை ஜன்னலில் வெளிச்சம் நன்றாக இருக்கும். போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன்.

“மாப்பிள்ளை வேலை பாக்குற இடத்துலேர்ந்து போன் வந்துச்சு. லிஃப்ட் அறுந்து விழுந்துருச்சாம். ஆள் உயிரோட இல்லையாம்.”

நான் எதிர்பார்த்தது ஒன்றும் நடக்கவில்லை. அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். துணியை மடித்து வைத்தாள். நாசமாய்ப் போச்சு, இவளுக்கும் வரவில்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம் வந்தது. அதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது. அதற்குத்தானே படம்.

அந்த இடத்தில் பொய் என்று சொல்லிவிடுவதாகத்தான் திட்டம். சொன்னால் இரண்டு அறை விழும், நாலு நாள் சோறு கிடைக்காது. அதற்கெல்லாம் தயாராக இருந்தேன். ஆனால் அவள் அத்தையின் அறைக்கு ஓடிவிட்டாள். நடுவே பத்தடிக் கூடம். ஒரு வார்த்தை சொல்ல அது தாராளமாகப் போதும். நான் போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

தங்கை சொன்னதை அத்தை நம்பவில்லை. அவளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். அந்த வீட்டில் என் வார்த்தையை மதித்த ஒரே ஆள் அவர்தான்.

“தம்பி, நிஜமா?”

தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். நான் யாரையும் தொடவில்லை. அவரிடம் வாயைத் திறந்து பேசக்கூட இல்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. யாரோ விஷமி போன் செய்ததாக எல்லாரிடமும் சொன்னேன். சாயங்காலம் மாப்பிள்ளை உயிரோடு வீட்டுக்குள் வந்தார். அவரைப் பார்த்ததும் தங்கை தரையில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா மேடம், என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். நீங்க என்ன மச்சான் பண்ணுவீங்க, போன்ல சொன்னதத்தானே சொன்னீங்க என்றார். அப்போது நான் அழுதேன். அது நடிப்பில்லை. எனக்கு நடிக்க வராது என்று பரிசீலகரே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

பதினாறாம் நாள் இரண்டு படத்தையும் அனுப்பினேன். ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். யாரையும் அடையாளம் தெரியக் கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. அதனால் அத்தையின் கன்னத்து மச்சத்தை எடுத்துவிட்டேன், முடியை மாற்றினேன். ஆனால் முந்தானையை முறுக்கிய விரல்களை மட்டும் அப்படியே விட்டேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தன. நான் செய்த ஒரே தவறு அதுதான்.

தங்கைக்கு அதற்குப் பிறகு தூக்கமே வரவில்லை. மாப்பிள்ளை அவளை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அங்கே மேஜையில் துண்டுப் பிரசுரம் அடுக்கி வைத்திருந்தார்களாம், பிரிவின் துயரை எப்படித் தாங்குவது என்று. அட்டையில் நான் விற்ற அந்த இரண்டு படமும். வீட்டுக்கு வந்து அதை என் மடியில் போட்டாள். கத்தவில்லை.

“என் மூஞ்சிய விடு. அத்த மூஞ்சிய எப்படா எடுத்தே?”

மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் மச்சான் என்று கூப்பிடவில்லை. உங்களுக்குப் போன் செய்தவர் அவர்தான்.

அத்தைக்கு இப்படி ஆகும் என்று தெரியுமா என நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூன்று முறையும் தெரியாது என்றேன். தங்கையின் முகம்தான் குறி, அத்தை நடுவில் வந்துவிட்டார் என்றேன். இப்போது என் கணினியை இந்தப் பக்கம் திருப்பி ஒரு பட்டியலைக் காட்டுகிறீர்கள். காட்ட வேண்டாம், எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு படத்துக்கும் குறிச்சொற்கள் எழுத வேண்டும், அவற்றை வைத்துத்தான் வாங்குகிறவர்கள் தேடுவார்கள். அது அத்தையின் படத்துக்கு எழுதியது. முதியவள், துயரம், அதிர்ச்சி, மகனை இழந்த தாய், நெஞ்சைப் பிடித்தல், மாரடைப்பு.

தேதி சரிதான் மேடம். முந்தின நாள், திங்கட்கிழமையே எழுதி வைத்ததுதான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா, மரணம் என்று நான் போடவில்லை. எவ்வளவோ பேர் தேடுகிற சொல். அத்தை விஷயத்தில் அந்த அளவுக்குப் போக என் மனசு இடம் கொடுக்கவில்லை.