ஊசி தேற்றிய பேட்டரி

இன்று காலை என் கடையில் லேப்டாப் பேட்டரி ஒன்று தீப்பிடித்தது. தீ அணைந்துவிட்டது, யாருக்கும் காயமில்லை. அதைச் சொல்ல நான் வரவில்லை. அதே மாதிரி இன்னொன்றை விற்றிருக்கிறேன். அது யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாததால் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

பெயர், விலாசம் மேலே கண்டபடி. வயது ஐம்பத்து நான்கு. நடைபாதையில் சாக்கு விரித்து சார்ஜர் விற்று ஆரம்பித்தவன். இப்போது பழைய லேப்டாப் வாங்கிச் சரிசெய்து விற்கிறேன். கடை கீழே, வீடு மாடியில். கல்லாவில் என் மனைவி இருப்பாள். ரிப்பேர் பார்ப்பவனை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதால் அந்தப் பெயர் என்று இன்று காலைவரை நினைத்திருந்தேன்.

உப்பிப்போன பேட்டரிகளைக் கழற்றி, பின்வாசலில் மணல் போட்ட இரும்புத் தொட்டியில் தனியாக வைக்கச் சொல்லியிருந்தேன். கழிவு எடுப்பவர் வந்து கொண்டுபோவார். கொஞ்ச நாளாகத் தொட்டி நிறையவில்லை. கேட்டதற்கு ஊசி, "தேத்திட்டேன்ணே" என்றான். எப்படி என்று நான் கேட்கவில்லை. லாபம் வரும்போது யார் வழி கேட்கிறார்கள்.

இன்று கடை திறந்த பிறகு பின்பக்கம் குக்கர் அடைத்துக்கொண்டு சீறுவது போலச் சத்தம் கேட்டது. அதன் பிறகு நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து போல இனிப்பு வாடை வந்தது. போய்ப் பார்த்தபோது மேஜைமேல் பேட்டரி புகை கக்கிக்கொண்டிருந்தது, ஊசியின் கையில் தையல் ஊசி இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் புகை தீயாகிக் கூரையைத் தொட்டது. நீளக் கம்பியால் அதை மணல் தொட்டிக்குள் தள்ளினோம். அணைந்தது என்று அவன் மணலைக் கிளறியதும் மறுபடி பற்றியது. அதன் பிறகு தொட்டியையே தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

"என்னடா பண்ணின?"

"காத்து அடைச்சிருந்துச்சுண்ணே. குத்தி விட்டா வயிறு வத்திடும், டேப் ஒட்டி மாட்டிடலாம். எப்பவும் ஒண்ணும் ஆகாது. இதுல சார்ஜ் இருந்திருக்கு."

"பஞ்சர் கடைக்காரன்கூட ஓட்டையை அடைப்பான்டா. நீ ஓட்டை போடுற" என்றாள் என் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு கடையிலிருந்த எல்லா லேப்டாப்பையும் திறந்து, ஊசி தேற்றியவற்றை மணலில் சேர்த்தோம். விற்றுப்போனது ஒன்றுதான். அது யாருக்கு என்று நினைவு வந்ததும் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, அந்த நீலக் குடை அம்மா. பொண்ணு மெத்தையில வச்சுத்தான் படிக்குமாம். சார்ஜ் போட்டபடியே தூங்கிடும்னு சொல்லிச் சிரிச்சாங்களே."

பில் போடாமல் கொடுத்ததால் அவர் பெயரோ போன் நம்பரோ என்னிடம் இல்லை. வயது நாற்பதுக்குள் இருக்கும், பஸ் நிறுத்தத்தின் பக்கமாக நடந்து போனார். லேப்டாப் கறுப்பு, மூடியில் ஸ்டிக்கர் கிழித்த தடம் உண்டு. கண்டுபிடித்தால் முதலில் சார்ஜர் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். சூடோ வாடையோ இல்லையென்றால் மட்டும் வெளியே வெறும் தரையில் வைக்கட்டும். இருந்தால் அதைத் தொடாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடட்டும்.

இதைச் சொல்லும்போது சாலையில் தீயணைப்பு வண்டி மணி கேட்டு நான் எழுந்து வாசலுக்கு ஓடியதையும், அது எந்தப் பக்கம் போனது என்று காவலரிடம் கேட்டதையும் அதிகாரி குறித்துக்கொண்டார்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே இருக்கிறது, படித்துக் காட்டக் கேட்டுக் கையொப்பமிடுகிறேன். பேட்டரி உப்பினால் அந்த அம்மாவே உங்கள் கடைக்கு வருவாரே என்று அதிகாரி கேட்டார். வரமாட்டார். விலையைக் குறைப்பதற்கு நான் சொன்ன நிபந்தனையும், அவர் சரி என்று தலையாட்டியதும் இதற்குத்தான்: விற்ற பொருளை எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்க மாட்டேன்.